டச்சு வீட்டில் கேம் ஆட ஒரு மூலை: மீட்டர்காஸ்ட் முதல் கோனிங்ஸ்டாக் வரை

நெதர்லாந்தின் ஐந்தோவன் பக்கம் சிப் எந்திர வேலைக்கு வந்து இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, எந்த டிவி வாங்கலாம்?” பிளேஸ்டேஷன் மாட்டணும், 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 தடவை படம் மாறும் திரை) வேணும், ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) வேணும் என்று ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். டிவி கடைசி என்பேன். முகம் தொங்கிப்போகும்.

இந்த நாட்டில் பல வருஷம் குடியிருந்து, பாஸ்போர்ட்டையும் மாற்றி, இன்னமும் ராத்திரி பாத்திரம் கழுவிய கையோடு கன்ட்ரோலரை எடுக்கிறவள் நான். என் வரிசை இது: முதலில் கேபிள், அப்புறம் செட்டிங், அதற்கும் அப்புறம்தான் பெரிய செலவு. டிஸ்க் வாங்குவதை ஏப்ரல் வரை தள்ளிப்போட முடிந்தால் ரொம்ப நல்லது. ஏன் என்பது கடைசியில்.

கேபிள்

டச்சு வீடுகளில் வாசல் கதவைத் திறந்ததும் பக்கத்தில் ஒரு குறுகலான அலமாரி இருக்கும். அதுதான் மீட்டர்காஸ்ட். மின்சார மீட்டர், கேஸ் மீட்டர், தண்ணீர் இணைப்பு எல்லாம் அதற்குள். ஃபைபரோ, கேபிள் டிவிக்கான கோஆக்ஸ் கேபிளோ வீட்டுக்குள் நுழைவதும் அங்கேதான். அதனால் மோடமும் பெரும்பாலும் அந்த அலமாரிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கேம் ஆடும் ஆள் இருப்பதோ மாடியில், இல்லாவிட்டால் அதற்கும் மேலே சாய்கூரைக்கு அடியிலுள்ள ஸோல்டரில். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளங்கள். வைஃபை மேலே வந்து சேர்வதற்குள் அதன் உயிர் பாதி போய்விடும்.

வேகம் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிங், அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், திடீர் திடீரென்று எகிறுவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும். உலகின் பெரிய இணையச் சந்திப்புகளில் ஒன்றான ஏம்ஸ்-ஐஎக்ஸ் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கான கேம் சர்வர்கள் பலவும் அந்த ஊரைச் சுற்றித்தான். ஃபைபர் இணைப்பில் அங்கே போய்வர பத்துச் சொச்சம் மில்லிசெகண்ட் போதும். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மீட்டர்காஸ்ட்டுக்கும் மாடிக்கும் இடையில் தடுமாறுவது அநியாயம் இல்லையா?

தீர்வு அநேகமாக உங்கள் சுவருக்குள்ளேயே இருக்கிறது. பல வீடுகளில், கட்டும்போதே மீட்டர்காஸ்ட்டிலிருந்து ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் வெறும் பிவிசி குழாய் ஓட்டியிருப்பார்கள். லோஸ லைடிங் என்பார்கள். அறையின் சுவரில் எதுவும் இல்லாத வெள்ளை மூடி ஒன்று இருந்தால், ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கம்பியின் ஒரு முனையில் கேட்-6 கேபிளைக் கட்டி, மேலே ஒரு சுற்று டேப் ஒட்டி, மறுமுனையில் ஒருவர் இழுக்க, இந்தப் பக்கம் ஒருவர் மெதுவாகத் தள்ளிக்கொடுக்க வேண்டும். கம்பி இல்லாவிட்டால் ட்ரெக்ஃபேர் என்று கேட்டு வாங்குங்கள். குழாய்க்குள் விட்டு இழுக்கும் நீளமான நைலான் கம்பி அது; கட்டுமானச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. பிளக் மாட்டிய கேபிளை இழுக்காதீர்கள். குழாயின் வளைவில் அதன் தலை மாட்டிக்கொள்ளும். வெறும் கேபிளை இழுத்து, பிறகு இரு முனையிலும் சாக்கெட் பொருத்துங்கள். இரண்டாவது, 230 வோல்ட் வயர் ஓடும் குழாயில் நெட்வொர்க் கேபிளைச் சேர்த்து விடவே கூடாது. வாடகை வீடு என்றால் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். இருக்கிற குழாயில் கேபிள் விடுவதற்கு மறுப்பவர்கள் குறைவு.

குழாயே இல்லையா? மாடியில் கோஆக்ஸ் சாக்கெட் இருந்தால் ஒரு ஜோடி மோகா அடாப்டர் வாங்கி அதே கேபிளில் நெட்வொர்க்கை ஓட்டலாம். ஆனால் உங்கள் இணையமே கோஆக்ஸில்தான் வருகிறது என்றால், இரண்டின் அலைவரிசையும் மோதிக்கொள்ளாமல் இருக்க ஃபில்டர் தேவைப்படும். அதுவும் ஆகாவிட்டால் மெஷ், அதாவது வீட்டில் ஆங்காங்கே வைத்து ஒரே வைஃபையாக ஓட்டும் சில பெட்டிகள். கடையில் தள்ளிவிடப் பார்க்கும் மலிவு ரிப்பீட்டரை மட்டும் வாங்காதீர்கள். மோடத்தோடு பேசுவதும் உங்களோடு பேசுவதும் ஒரே ரேடியோவில் நடப்பதால் வேகம் பாதியாகிவிடும். இணைய நிறுவனம் கொடுத்த மோடம்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. சொந்தமாக வாங்கி மாட்டிக்கொள்ள உரிமை உண்டு.

திரை

இப்போது டிவிக்கு வரலாம். இங்கே வரிசை வீடுகளில் நிறைய டோர்ஸோன் வகை. ஹாலின் முன்பக்கமும் பின்பக்கமும் பெரிய ஜன்னல்கள். வெயில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகும். அந்த வெளிச்சத்தில், கருப்பு அழகாகத் தெரிவதற்காகவே காசு கொடுத்த ஓலெட்டில் உங்கள் முகமும் பின் ஜன்னலும்தான் தெரியும். பகலில் அதிகம் ஆடுகிறவர்களுக்கு நல்ல பிரகாசமுள்ள மினி-எல்இடி (பின்னால் குட்டிக் குட்டி விளக்குகள் உள்ள திரை) போதும் என்பது என் கருத்து. ராத்திரி ஆட்டக்காரர்களுக்கு ஓலெட். டச்சுக்காரர்கள் ராத்திரியிலும் திரைச்சீலையை மூடாமல், தெருவில் போகிறவர் பார்க்க ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த விஷயத்தில் நான் இன்னும் டச்சு ஆகவில்லை.

அளவைப் பொறுத்தவரை, சோபாவிலிருந்து சுவர் வரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 4கே படத்துக்கு 65 அங்குலம் என்றால் இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் தூரம் சரியாக இருக்கும்.

விலைக்கு ட்வீக்கர்ஸ் தளத்தின் பிரைஸ்வாட்ச். மாடல் எண்ணைப் போட்டால் கடைக்குக் கடை விலையும், பல மாதங்களாக அது ஏறி இறங்கிய வரைபடமும் கிடைக்கும். “இன்று மட்டும் தள்ளுபடி” என்ற பலகையின் லட்சணம் அதில் தெரிந்துவிடும். புது மாடல்கள் வசந்த காலத்தில் வரத் தொடங்கும். போன வருஷத்து மாடல் இறங்குவது அப்போதுதான்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: எச்டிஎம்ஐ 2.1 போர்ட் எத்தனை? “நாலு போர்ட் இருக்கு” என்ற பதிலை ஏற்காதீர்கள். பல டிவிகளில் நான்கில் இரண்டுதான் 4கே 120 ஹெர்ட்ஸை வாங்கும். அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பார் மாட்டும் ஈ-ஆர்க் போர்ட்டாகவும் இருந்து தொலைக்கும். இரண்டு கன்சோல் வைத்திருக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். உத்தரவாதம் இரண்டு வருஷம்தான் என்று கடைக்காரர் சொன்னால், மரியாதையாக மறுத்துப் பேசுங்கள். டச்சுச் சட்டத்தில் இத்தனை வருஷம் என்ற ஒரே கணக்கு கிடையாது. அந்த விலைக்கு ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமோ அவ்வளவு காலம் கடைக்குப் பொறுப்பு உண்டு. 2022 முதல், வாங்கிய முதல் வருஷத்துக்குள் பழுது வந்தால் அது உங்களால் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதும் கடைதான். புது டிவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லவும் மறக்காதீர்கள்.

செட்டிங்

டிவியைப் பிரித்து மாட்டியதும் நேரே ஆட உட்கார்ந்துவிடுகிறோம். அரை மணி நேரம் பொறுங்கள்.

முதல் வேலை, கன்சோல் மாட்டிய போர்ட்டைத் திறந்துவிடுவது. எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட். எந்தப் பெயரில் இருந்தாலும் அதை முழு அளவுக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்சோல் 120 ஹெர்ட்ஸ் கிடையாது என்று சொல்லிவிடும், நீங்கள் டிவியைத் திட்டுவீர்கள். அடுத்து கேம் மோட். படத்துக்கு டிவி போடும் பூச்சு வேலைகள் எல்லாம் நேரம் தின்னும். நீங்கள் பட்டனை அமுக்கி, திரையில் கை அசைவதற்குள் நூறு மில்லிசெகண்டுகூட ஆகும் டிவிகள் உண்டு. கேம் மோட் போட்டால் இது பத்து இருபதுக்கு இறங்கும். ஏஎல்எல்எம் என்பது, கன்சோலை ஆன் செய்ததும் டிவி தானே அந்த மோடுக்குப் போக உதவுவது. கன்சோல் படம் அனுப்பும் வேகத்துக்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆரும் ஆனில் இருக்கட்டும்.

அப்புறம் என் ஜென்ம விரோதி: மோஷன் ஸ்மூத்திங். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ், பெர்ஃபெக்ட் நேச்சுரல் மோஷன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமாவுக்கு நடுநடுவே டிவியே படம் வரைந்து சொருகும். மணிரத்னம் படமும் மதிய சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். அணையுங்கள். மாமியார் வீட்டு டிவியிலும் போய் அணைத்துவிட்டு வாருங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கேமுக்குள் தரமா வேகமா என்று கேட்கும் இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் 120 ஹெர்ட்ஸ் டிவிக்குக் கொடுத்த காசுக்கு எனக்குப் பிடித்த பலன் இங்கேதான். ஆம்ஸ்டர்டாமில் கெரில்லா கேம்ஸ் உருவாக்கி 2022இல் வெளிவந்த ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ கேமை எடுத்துக்கொள்வோம். அதில் நொடிக்கு 30 பிரேமில் துல்லியமான படம், 60 பிரேமில் கொஞ்சம் மங்கலான படம் என்று இரண்டு வழி. பிறகு வந்த ஒரு அப்டேட்டில் நடுவழி ஒன்றைச் சேர்த்தார்கள்: 40 பிரேம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 30 பிரேமில் ஒரு படத்துக்கு 33.3 மில்லிசெகண்ட், 60இல் 16.7. இரண்டுக்கும் சரியாக நடுவில் 25. அதுதான் 40 பிரேம். 120ஐ 40 மிச்சமில்லாமல் வகுக்கும், ஆகவே ஒவ்வொரு படமும் திரையில் மூன்று தடவை நின்று சீராக ஓடும். 60 ஹெர்ட்ஸ் டிவியில் இந்தக் கணக்கு உதைக்கும், அதனால்தான் அந்த வசதிக்கு 120 ஹெர்ட்ஸ் திரை கேட்கிறார்கள். படமும் கூர்மை, கையும் லேசு. எந்தக் கேமில் இந்த 40 இருந்தாலும் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன்.

எதை ஆடுவது

அவரவர் ரசனை. ஆனாலும் இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த ஊர்க் கேம்களை ஆடாமல் இருக்காதீர்கள். கெரில்லாவின் முதல் ‘கில்ஸோன்’ 2004இல் வந்தது. அதைவிட 2017இல் வந்த முதல் ‘ஹொரைசன்’ எனக்கு நூறு மடங்கு பிடிக்கும். அவர்களுடைய கேம் எஞ்சினுக்கு டெசிமா என்று பெயர். ஒரு காலத்தில் டச்சு வியாபாரிகள் தங்கியிருந்த நாகசாகியின் டெஜிமா தீவை வைத்து வந்த பெயர் அது. அதே எஞ்சினில்தான் ஜப்பானியக் கேம் இயக்குநர் கோஜிமா ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ செய்தார். அந்தத் தீவு வியாபாரம் இன்னும் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பெரிய கேமுக்கு நேரமில்லாத பெற்றோர்களுக்கு, யூட்ரெக்டின் விளாம்பீர் செய்த ‘நியூக்ளியர் த்ரோன்’. பத்து நிமிஷத்தில் பத்து தடவை சாகலாம், குழந்தை எழுந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். அந்த நிறுவனம் 2020இல் மூடிவிட்டது, கேம் கிடைக்கிறது. பொறுமையாக யோசித்து ஆடுகிறவர்களுக்கு டெல்ஃப்ட் ஊரின் ட்ரையம்ஃப் செய்த ‘ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ்’ வரிசை.

பழசில் ஆசை இருந்தால் ஹெல்மண்டில் ஹோம் கம்ப்யூட்டர் மியூசியம் இருக்கிறது. பழைய கணினிகளைத் தொட்டு, ஆன் செய்து ஆடலாம். 1990களில் பிலிப்ஸ் விற்ற சிடி-ஐ மெஷினை எங்கேயாவது பார்த்தால் கையில் எடுத்துப் பாருங்கள். சோனியோடு சேர்ந்து சிடியையே உலகுக்குக் கொடுத்த கம்பெனி, அதை வைத்து ஒரு கேம் மெஷின் செய்யத் தெரியாமல் திணறியது எனக்கு இன்றும் புரியாத புதிர்.

டிவி பார்ப்பது

இதற்கு ஒரு உபயோகம் உண்டு: மொழி. இங்கே குழந்தைகள் நிகழ்ச்சியைத் தவிர எதையும் டப் செய்வதில்லை. ஆங்கிலப் படம் ஆங்கிலத்திலேயே ஓடும், கீழே டச்சு எழுத்து. படித்துக்கொண்டே பார்த்தால் ஒரு வருஷத்தில் கண்ணுக்கு டச்சு பழகிவிடும். காதுக்கு வேறு வழி: டச்சு நிகழ்ச்சியைப் போட்டு, டெலிடெக்ஸ்ட்டின் (டிவி சேனலோடு வரும் எழுத்துப் பக்கங்கள்) 888ஆம் பக்கத்தைத் திறங்கள். பேசும் டச்சு அப்படியே எழுத்தாகக் கீழே வரும். முதலில் எட்டு மணிச் செய்தியில் குதிக்காமல், குழந்தைகளுக்கான யுக்ட்யூர்னாலில் தொடங்குங்கள். 1981 முதல் வருகிறது. பிரதமர் ராஜினாமாவையும் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்வார்கள். என்பிஓ ஸ்டார்ட் ஆப்பில் இலவசமாகப் பார்க்கலாம். டிவி வைத்திருப்பதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இப்போது இல்லை.

டெலிடெக்ஸ்ட் என்றால் சிரிப்பார்கள். கருப்புத் திரை, கட்டம் கட்டமாக எழுத்து, 1980 முதல் அதே முகம். ஆனால் 101ஆம் பக்கத்தில் நாட்டுச் செய்தி முழுவதும் ஒரே திரையில், விளம்பரம் இல்லாமல், குக்கீ கேட்காமல் வந்து நிற்கிறது. போனில் ஆப்பாகவும் இருக்கிறது. ஸ்மார்ட் டிவியின் முகப்பில் எனக்கு வேண்டாததை எல்லாம் பரிந்துரைக்கும் இந்தக் காலத்தில், என் ஓட்டு டெலிடெக்ஸ்ட்டுக்கே.

ரியாலிட்டி ஷோக்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஊரில் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டு பார்க்கும் பிக் பாஸின் மூலம் இங்கேதான்: 1999இல் அல்மேரேயில் ஒரு வீட்டுக்குள் ஆட்களைப் பூட்டித் தொடங்கிய ‘பிக் பிரதர்’. ‘டீலா நோ டீலா’வும் டச்சுச் சரக்குதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நீ இருக்கிற ஊர்க்காரங்கதான் எல்லாத்துக்கும் காரணமா?” என்றாள்.

பிள்ளைகளும் பணமும்

கேம் உறையில் இருக்கும் ஐரோப்பிய வயதுக் குறியான பெகி எண் 3, 7, 12, 16, 18 என்று வயதைச் சொல்லும். ஆடக் கஷ்டமா சுலபமா என்பதை அது சொல்லாது. உள்ளே இருக்கும் விஷயம் எந்த வயதுக்கு ஏற்றது என்பதை மட்டும்தான். வயதைவிட நான் பார்ப்பது, கேமுக்குள் பணம் கேட்குமா, அதுவும் குலுக்கல் முறையிலா என்ற குறிப்பை. இந்த லூட் பாக்ஸ் விஷயத்தில் டச்சு சூதாட்ட ஆணையம் 2018இல் பத்து கேம்களை ஆராய்ந்து, நான்கு சட்டத்தை மீறுகின்றன என்றது. பிறகு கால்பந்து கேம் ஒன்றுக்காக ஒரு கோடி யூரோ அபராதம் போட, 2022 மார்ச்சில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதே வருஷம் ‘டயாப்ளோ இம்மார்ட்டல்’ நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் வெளியாகவே இல்லை. ஆக, சட்டம் காப்பாற்றும் என்று உட்காராதீர்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, மாதச் செலவு வரம்பு பூஜ்யம், கன்சோலில் கார்டு எண் சேமிக்காமல் தேவைப்படும்போது ஐடியலில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டும் டச்சு முறை) கட்டுவது. இவை மூன்றும் போதும்.

டிஸ்க்

கன்சோல் வாங்கும்போது டிஸ்க் போடும் மாடலையே வாங்குங்கள். புது கேம் எண்பது யூரோ விற்கும் நாட்டில், பழைய டிஸ்க் சந்தை தங்கச் சுரங்கம். பிளேஸ்டேஷன் 4 டிஸ்குகள் ஏறக்குறைய எல்லாமே 5இல் ஓடும். நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ்கள்தான் விலை இறங்கவே இறங்காது.

பழைய சாமான் விற்கும் தளமான மார்க்ட்பிளாட்ஸில் வாங்கினால் நேரில் போய் எடுங்கள். கன்சோல் என்றால் விற்பவர் வீட்டிலேயே மாட்டிக் காட்டச் சொல்லலாம்; யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எச்டிஎம்ஐ போர்ட் ஆடுகிறதா, டிஸ்க்கை உள்ளே இழுக்கிறதா, கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாமலே பாத்திரம் நகர்கிறதா, உங்கள் கணக்கில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். “நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஒரு சென்ட் அனுப்புங்கள்” என்று, பணம் கேட்டு அனுப்ப இங்கே எல்லோரும் பயன்படுத்தும் டிக்கி ஆப் மாதிரியே ஒரு லிங்க் வந்தால் அது மோசடி. பதில்கூட எழுத வேண்டாம்.

கடைசியாக ஏப்ரல். 27ஆம் தேதி கோனிங்ஸ்டாக், அரசரின் பிறந்தநாள். ஞாயிறில் வந்தால் 26க்கு மாற்றிவிடுவார்கள். அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் போர்வை விரித்து வீட்டுப் பழைய சாமான்களை விற்கலாம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் கேம்கள் எல்லாம் அன்றுதான் வெளியே வரும். சில்லறையாக எடுத்துப் போங்கள். உறையைத் திறந்து உள்ளே அதே டிஸ்க்தானா என்று பாருங்கள். பாதி வீடுகளில் மாறியிருக்கும். பழைய ஐரோப்பிய கேம்களில் ஒரு சிக்கல்: பால் என்ற பழைய ஐரோப்பிய டிவி முறையின் 50 ஹெர்ட்ஸுக்காக வந்ததால், பல கேம்கள் அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகளைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பிளேஸ்டேஷன் 2 காலத்துக் கேம்கள் சில தொடக்கத்திலேயே 60 ஹெர்ட்ஸா என்று கேட்கும். ஆம் என்று அமுக்குங்கள்.

பத்து மணிக்கு எழுந்து குளித்துக் கிளம்புகிறவர்களுக்கு மிஞ்சுவது புதிர் அட்டையும் பழைய ஃபிஃபாவும்தான். நான் போவது யூட்ரெக்டுக்கு. அங்கே முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே சந்தை தொடங்கிவிடும். டார்ச் எடுத்துப் போனால் டிஸ்க்கில் கீறல் பார்க்க உதவும்.